வெற்று மாதிரி

ஆய்வகத்துக்குள் பருத்தி மட்டும்.
கென்ட் ரிட்ஜ் குன்றில், ஏழாம் மாடிக் கதவில்
நான்கு மொழியிலும் ஒட்டியிருக்கிறது.
தமிழில் மட்டும் அது 'பருதி' ஆகியிருந்தது.
சூரியனை உடுத்திக்கொண்டு வரச் சொல்கிறார்கள் என்று
முதல் நாள் தனியாகச் சிரித்தேன்.
மறுநாள் பேனாவால் ஒரு 'த்' போட்டேன்.

என் வேலை எண்ணுவது.
எரித்த குப்பையின் சாம்பல் படுத்திருக்கும்
செமாகாவ் தீவின் ஓரத்திலிருந்து
பச்சைச் சிப்பி வரும். படகோட்டி ரோஸ்லான்
ஐஸ்பெட்டியை இறக்கும்போதே சொல்லிவிடுவார்,
நாற்பதில் இரண்டு குறையும், கேட்காதே என்று.

மருத்துவமனையிலிருந்து வருவது நஞ்சுக்கொடி.
நகத்தளவுத் துண்டு. பெயர் இருக்காது, எண் இருக்கும்.
எந்தக் காலத்தில் யார் அதில் நஞ்சைச் சேர்த்தார்களோ,
இத்தனை நாள் அது வெறும் சொல்.

கரைக்கிறேன்.
ஒரே காரம், நாற்பது டிகிரி, இரண்டு இரவு.
சிப்பியும் கரைகிறது, கொடியும் கரைகிறது,
வித்தியாசம் தெரியாத ஒரே மஞ்சள் நீராக.
கரைய மறுப்பதைத்தான் எண்ணுகிறேன்:
ஒரு நீல இழை.
ஏதோ மூடியின் சிவப்புத் துணுக்கு.
டயரா கரியா என்று சொல்லாத ஒரு கறுப்பு.

எதை எண்ணினாலும் பக்கத்தில்
ஒரு வெற்று மாதிரி வைக்க வேண்டும்.
வடித்த நீர் மட்டும். சிப்பி இல்லை, தாய் இல்லை.
அதில் எதுவும் இருக்கக் கூடாது.
எப்போதும் ஏதாவது இருக்கும்.
செவ்வாய் மூன்று. புதன் ஐந்து.
தீபாவளிக்கு மறுநாள் பதினொன்று,
அதில் நான்கு ஜிகினா,
என் தலைமுடிக்குள் ஒளிந்து வந்த சிராங்கூன் சாலை.
அவற்றைக் கழித்துவிட்டு மீதியை எழுது என்கிறது விதி.
நான் அங்கே மூச்சுவிட்டதைக் கழித்துவிட்டு.

கீழ்த்தளத்தில் தேனப்பன் ஒரு சவ்வு நெய்திருந்தார்.
ஒரு முடியை ஆயிரமாகக் கிழித்தால்
அதில் ஒன்றுகூட நுழையாத கண்கள்.
சமையலறைக் குழாயில் பொருத்தலாம்,
சிறுநீரகம் கைவிட்டவர்களின் இயந்திரத்திலும் பொருத்தலாம்.
கட்டுரை தயார். படம்கூடத் தயார்,
அழுக்கிலிருந்து தெளிவுக்கு ஒரு பச்சை அம்பு.
எண்ணிக்கை மட்டும் பாக்கி.

சவ்வு எல்லாவற்றையும் பிடித்தது.
நீலம், சிவப்பு, கறுப்பு.
வெளியே வந்த தண்ணீரில்
இதுவரை எங்கேயும் காணாத ஒன்று இருந்தது.
நிறமில்லை. லேசாக வளைந்து,
தூங்கும் குழந்தையின் இமைமுடி போல.
மூன்று முறை எண்ணினேன். ஸ்பெக்ட்ரம் எடுத்தேன்.
சவ்வு தன்னையே உதிர்த்திருந்தது.

தேனப்பன் நுண்ணோக்கியிலிருந்து
வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.
"வெற்று மாதிரியிலும் இருக்கா?"
"இல்ல. அதுல ஜிகினாதான்."
"என்ன கலர்?"
"தங்கம்."
தலையாட்டினார், அதுவும் ஒரு முடிவு போல.
பிறகு தலைப்பிலிருந்து 'தீர்வு' என்ற சொல்லை அடித்தார்.
அந்த இடத்தில் வேறெதுவும் எழுதவில்லை.

சாயங்காலம் கேன்டீனில்
குவளை கொண்டுவர மறந்துவிட்டேன்.
கொதிக்கும் தே-ஓவை பிளாஸ்டிக் பையில் ஊற்றி
முடிச்சிட்டுக் கொடுத்தார் கடைக்காரர்.
கயிற்றின் முனையில் அது வெதுவெதுப்பாக ஆடியது.
95-ஆம் பேருந்து வரும்வரை
குடிக்காமல் பிடித்திருந்தேன்.
பிறகு குடித்தேன், தாகம்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது.
ஜூனில் என்னுடையதும் வரும்,
பெயரில்லாமல், நகத்தளவு.
எண்ண நான் இருக்க மாட்டேன், விடுப்பு.
ஷஃபீக்கா எண்ணுவாள். புதுப் பெண், நிதானமான கண்.
காரத்தின் அளவு, அடுப்பின் சூடு,
கதவில் அந்த 'த்' அழிந்தால் மறுபடி போடுவது,
எல்லாம் சொல்லிக் கொடுத்தாயிற்று.
இன்னொன்றும் சொன்னேன், விதிக்குப் புறம்பாக:
தங்க நிறத்தில் ஏதாவது தென்பட்டால்
கழித்துவிடாதே.